மாமரத்தடித் தாத்தாக்கள்

இப்போது வருகிற குழந்தைப் படப்புத்தகங்களின் தாத்தாக்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. வெள்ளை வெளேரென்று மீசை, சாய்வு நாற்காலி, தலைக்கு மேலே காய்த்துத் தொங்கும் மாமரம், காலடியில் ஒரு நாய், மடியில் பேத்தி. வாயைத் திறந்தால் கதை, மூடினால் புன்னகை. அவர்களுக்கு ரத்த அழுத்தம் கிடையாது. வருஷா வருஷம் தான் உயிரோடிருப்பதை பென்ஷன் ஆபீசுக்கு நிரூபிக்க வேண்டியதில்லை. கார் நிறுத்தும் இடத்துக்காகக் கீழ்வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை நின்றுபோனதும் இல்லை. நானோ மதுரையில் அடுக்குமாடி ஒன்றின் மூன்றாவது மாடியில், பால்கனியில் இரண்டு கற்றாழைத் தொட்டிகளை வைத்துக்கொண்டு வாழ்கிறவன். மீசையை வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்தவன், பிறகு வளர்க்கத் தோன்றவில்லை. சாய்வு நாற்காலி ஒன்று இருந்தது. அதில் சாயக் கூடாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்தத் தாத்தாக்கள் எனக்கு அறிமுகமானது நியூஜெர்சியில் இருக்கிற மகள் வீட்டில். பேத்திக்கு ஏழு வயது. அவள் அறையில் ஒரு புத்தக அலமாரி. மேல்தட்டில் டைனோசர்கள், நடுத்தட்டில் பேசும் நாய்களும் மந்திரப் பள்ளிக்கூடங்களும், கீழ்த்தட்டில், குழந்தையின் கைக்குச் சுலபமாக எட்டட்டும் என்று யோசித்து மகள் அடுக்கியிருக்கும் 'நம்ம புத்தகங்கள்'. அதில் சேலை உண்டு, தோசை உண்டு, பொங்கல் பானை உண்டு, எண்ணெய் தேய்த்து வாரிய இரட்டைச் சடை உண்டு. நம்முடையது மட்டுமல்ல, கொரியாவிலிருந்து வந்த சிறுமி தன் பெயரை வகுப்பில் சொல்லத் தயங்குவதும், பிலால் என்ற பையன் அப்பாவோடு சேர்ந்து நண்பர்களுக்குப் பருப்பு சமைப்பதும் அங்கேதான் இருக்கின்றன. கடல் தாண்டி வந்த குடும்பத்துப் பிள்ளை தன் வீட்டையும் முகத்தையும் மறந்துவிடக் கூடாது என்று பெற்றோர் தேடித் தேடி வாங்குகிற புத்தகங்கள். ஒன்றின் பின்னட்டை விலையை மனசுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்து, அதன் பிறகு அந்த வேலையை விட்டுவிட்டேன். பேத்தி தானாகப் போய் எடுப்பது எப்போதும் மேல்தட்டுத்தான், அதற்கு முக்காலியில் ஏற வேண்டியிருந்தாலும். கீழ்த்தட்டுப் புத்தகங்களை நான் போயிருக்கும் நாட்களில் எடுப்பாள், வந்த விருந்தாளிக்கு அவர் ஊர்ப் பலகாரத்தையே எடுத்துவைக்கிற மரியாதையோடு.

எங்களுக்கு யாரும் இப்படிப் புத்தகம் வாங்கித் தந்ததில்லை. 1970-களின் சாத்தூரில் ஒரு முற்றத்தைச் சுற்றி அப்பத்தா, பெரியப்பா குடும்பம், இரண்டு சித்தப்பாக்கள், கல்யாணமாகித் திரும்பி வந்த ஓர் அத்தை, எல்லோருடைய பிள்ளைகளும் என்று இருந்தோம். பாரம்பரியம் என்பது அங்கே படிக்கிற பொருளல்ல. இரண்டு மணி நேரமாவது அதனிடமிருந்து தப்பித்து ஓடினால் போதும் என்றிருக்கும். ஓடிய இடம் கிளை நூலகம். மின்விசிறி ஒன்றுதான், அதுவும் நூலகர் தலைக்கு மேலே. கத்திரி வெயிலில் வைப்பாற்று மணல் வெந்து கிடக்க, வெள்ளரிப்பிஞ்சுக்காரர்கள் ரயில் வருகிற நேரம் பார்த்து ஓடிக்கொண்டிருக்க, நாங்கள் சிமெண்டுத் தரையில் வயிறு படியக் குப்புறப் படுத்துக்கொண்டு, பனி கொட்டும் காட்டில் நரியொன்று கரடியை ஏமாற்றுவதைப் படித்துக்கொண்டிருந்தோம். சோவியத் புத்தகங்கள். மாஸ்கோவிலேயே இருந்து தமிழர்கள் மொழிபெயர்த்து, அங்கேயே அச்சாகிக் கப்பலேறி வந்தவை. உங்களில் பலருக்கு அந்தத் தாளின் வழவழப்பும் மையின் வாசனையும் இன்னும் விரல்நுனியிலும் மூக்கிலும் இருக்கும். 1951-ல் தொடங்கிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்காரர்கள் வேனில் அடுக்கிக்கொண்டு ஊர் ஊராக வருவார்கள். கெட்டி அட்டை, பக்கம் நிறைய வண்ணப்படம், விலை மட்டும் நாலு பேர் சினிமா பார்க்கிற காசுக்குள் அடங்கும். உலகப் புரட்சி வந்ததோ இல்லையோ, எங்கள் தெருவுக்கு ருஷ்யச் சூனியக்கிழவி பாபா யாகா வந்து சேர்ந்தாள்.

பாபா யாகாவின் குடிசை கோழிக்கால்களில் நிற்கும் என்று படித்தவுடன் எனக்குத் தெரிந்த கோழிக்கால் எதிர்வீட்டுச் சண்டைச்சேவலுடையதுதான். ஆகவே என் பாபா யாகா இன்றுவரை மஞ்சள் தோலும் கறுத்த முள்ளுமாக இரண்டு கால்களின் மேல், காலில் கத்தி கட்டிய வீட்டில்தான் குடியிருக்கிறாள். பனிக்கு என்ன செய்வது? எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழியில் மூக்கு ஒழுகுவது. ஒருமுறை தூத்துக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பஸ் ஜன்னல் வழியே உப்பளத்தைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று குவியல் குவியலாக, கண் கூசும்படி. அன்றைக்கு முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் படித்த எல்லா ருஷ்ய வண்டிகளும் உப்பின் மேல்தான் சறுக்கின. வன்யாவும் மாஷாவும் உப்பில் உருண்டார்கள். ஓநாய்கள் உப்பில் கால் பதித்து ஊளையிட்டன. பல வருஷம் கழித்து நியூஜெர்சியில் முதல் பனிப்பொழிவைப் பார்த்து நான் புளகாங்கிதப்பட்டு நிற்கையில், நகராட்சி லாரி ஒன்று வந்து தெரு முழுக்கக் கல்லுப்பைத் தூவிக்கொண்டு போயிற்று. பனி உருகுவதற்காக என்று மாப்பிள்ளை விளக்கினார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தப் புத்தகங்களில் ருஷ்யர்கள் டீ குடிப்பதுதான் எனக்குப் பெரிய மயக்கம். சமோவார் கொதிக்கும்; சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு கிழவர்கள் சூடான டீயை உறிஞ்சுவார்கள். அதைச் செய்து பார்த்தே தீர்வது என்று நான் ஒருநாள் சர்க்கரைக் கட்டிக்கு அலைந்தேன். ரேஷன் சர்க்கரையைத் தண்ணீர் தெளித்துக் கட்டியாக்கப் பார்த்து, எறும்புக்குத்தான் அது பயன்பட்டது. இந்த ஆராய்ச்சியெல்லாம் நடந்துகொண்டிருந்த அதே அடுப்படியில், சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, என் அப்பத்தா கருப்பட்டித் துண்டை நறுக்கென்று கடித்துக் கொடுப்பில் ஒதுக்கிக்கொண்டு, வட்டாவிலிருந்து கடுங்காப்பியைச் சர்ரென்று உறிஞ்சிக்கொண்டிருந்தாள். தினமும் அப்படித்தான் குடிப்பாள். அவள் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டால்ஸ்டாய் ஊர்க்காரர்கள் செய்தால்தானே அது பழக்கவழக்கம்!

அந்த நூல்களின் கடைசிப் பக்கத்தில் ஒரு வேண்டுகோள் இருக்கும்: மொழிபெயர்ப்பும் அமைப்பும் எப்படி என்று வாசகர்கள் கருத்து எழுத வேண்டும், விலாசம் ஸுபோவ்ஸ்கி புல்வார், மாஸ்கோ. இவ்வளவு மரியாதையாக என்னிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. எழுதினேன். மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறது, கரடிப் படம் தனியாகக் கிடைக்குமா என்று. காங்கிரஸ்காரரான பெரியப்பாவுக்கு விஷயம் தெரிந்தபோது, போலீஸ் சி.ஐ.டி. வீட்டுக்கு வந்தால் யார் பதில் சொல்வது என்று வீடே இரண்டு நாள் அதிர்ந்தது. சி.ஐ.டி. வரவில்லை. கரடியும் வரவில்லை. ஒரு விலைப்பட்டியல் வந்தது; அதைத் தெரு முழுக்கக் காட்டி, சினிமா நோட்டீஸ் சேர்த்துவைத்திருந்த பையன்களையெல்லாம் ஒரே நாளில் வீழ்த்தினேன்.

இப்போது நினைத்துப் பார்த்தால், குடும்பத்தைப் பற்றி எழுதிய குழந்தைப் புத்தகமென்று நான் முதலில் படித்ததும் அங்கிருந்து வந்ததுதான்: அலெக்சாந்தர் ரஸ்கின் எழுதிய 'அப்பா சிறுவனாக இருந்தபோது'. அடிக்கடி உடம்புக்கு முடியாமல் படுத்த மகளுக்கு, தன் சின்ன வயதுச் சங்கதிகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்து, அதுவே புத்தகமாயிற்று. அந்த அப்பா புதுப் பந்தைக் காருக்கு அடியில் போட்டுப் பார்க்கிறார், அழுகிறார், அசடு வழிகிறார். அப்பாக்கள் அசடு வழிவார்கள் என்பது எனக்கு மாபெரும் செய்தி. என் அப்பாவிடம் போய், நீங்கள் சிறுவனாக இருந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "பருத்தி எடுத்தேன்" என்றார். அதோடு அந்தப் புத்தகம் முடிந்தது.

கிர்கீஸ் மேய்ச்சல் வெளிகள், உக்ரைன் கிழவனின் கையுறைக்குள் ஒவ்வொன்றாக நுழைந்து குடியேறிய விலங்குகள், சிங்கிஸ் ஐத்மாத்தவின் மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடம் எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. பக்கத்து ஜில்லா எப்படியிருக்கும் என்று தெரியாது. 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவோ இந்தியா முழுமைக்கும் ஒரே ராஜா, ஒரே மந்திரி. அதே படம் தெலுங்கில், கன்னடத்தில், இந்தியில் வரும், வேதாளம் எல்லா மொழியிலும் ஒரே தோளில் தொங்கும். இதையெல்லாம் விட ஒரு வேடிக்கை, எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில், சிவகாசியில், 1972-ல் முத்து காமிக்ஸ் ஆரம்பமாகி இரும்புக்கை மாயாவி அச்சேறியபோது, மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும் அந்த வீரன் இங்கிலாந்துக் கதைக்காரர்களின் பிள்ளை. ஆனால் எங்கள் பேச்சில் அவன் பக்கத்து ஊர்க்காரன். கரண்டு எத்தனை முறை போனாலும் அவன் நினைவு வந்து ஒரு கவலை வரும்.

ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1990-ல் எழுதினார்: குழந்தைக்குப் புத்தகம் பிறர் வாழ்க்கையைக் காட்டும் ஜன்னலாகவும் இருக்க வேண்டும், தன்னையே காட்டும் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும் என்று. மகள் இதை எனக்கு மிகுந்த அக்கறையோடு விளக்கினாள். யோசித்துப் பார்த்தேன். எங்களுக்கு வீடு முழுக்க ஜன்னல்தான். கண்ணாடி பார்க்க வேண்டுமென்றால் முடிவெட்டுகிற கடைக்குப் போக வேண்டும். அங்கேயும் எதிரெதிராக மாட்டியிருப்பார்கள், நம் முகத்தைவிடப் பின்மண்டைதான் அதிகம் தெரியும்.

கிண்டல் இருக்கட்டும், அந்த ஊரில் அந்தக் கவலை வந்ததற்கு வலுவான காரணம் இருக்கிறது. நியூயார்க்கில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி, புத்தகத்தில் எப்போதும் வெள்ளைக் குழந்தைகளே இருப்பது ஏன் என்று கேட்டதை வைத்து, நான்சி லாரிக் 1965-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் வந்த 5,206 சிறுவர் நூல்களை அலசியதில், கறுப்பினத்தவர் ஒருவராவது தலைகாட்டியவை நூற்றுக்கு ஏழைக்கூட எட்டவில்லை. இதற்குக் கொஞ்சம் முன்னால், 1962-ல், எஸ்ரா ஜாக் கீட்ஸ் சிவப்பு உடுப்புப் போட்ட பீட்டர் என்ற கறுப்புச் சிறுவனைப் பனியில் நடக்கவிட்டிருந்தார். கீட்ஸே போலந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளை. 1940-ல் ஒரு பத்திரிகையில் வந்த சின்னப் பையன் ஒருவனின் புகைப்படங்களைக் கத்தரித்து இருபது வருஷத்துக்கு மேல் பத்திரப்படுத்தி, பிறகு அவனையே கதாநாயகனாக்கினார். பீட்டர் செய்வதெல்லாம் கால்தடம் பதிப்பது, குச்சியால் மரத்தைத் தட்டுவது, பனி உருண்டையைப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து அது காணாமல் போனதற்கு வருத்தப்படுவது. அவ்வளவுதான். தோலின் நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. நியூயார்க் பொது நூலகத்தின் வரலாற்றிலேயே அதிகம் இரவல் போன புத்தகம் அதுதான் என்று 2020-ல் அறிவித்தார்கள். நாலே முக்கால் லட்சம் தடவைக்கும் மேல். பேத்தியின் நடுத்தட்டில் அது இருந்தது. கீழ்த்தட்டில் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததே அதற்குக் கிடைத்த பெரிய மரியாதை என்று நினைக்கிறேன்.

இந்த விவகாரத்தில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு, பெருமைப்படுவதா என்று தெரியாத பங்கு. ஹெலன் பானர்மன் என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணி, மதராஸ் ராஜதானியில் வேலைபார்த்த ராணுவ மருத்துவத் துறை டாக்டரின் மனைவி, கொடைக்கானலில் பிள்ளைகளை விட்டுவிட்டுச் சென்னைக்கு ரயிலில் திரும்பும்போது எழுதினது என்பார்கள் 'சின்னக் கறுப்பு சாம்போ'வை. 1899-ல் லண்டனில் வெளிவந்தது. புலிகள் ஒன்றையொன்று துரத்தி மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, கடைசியில் உருகி நெய்யாகிவிடும். அந்த நெய்யில் அம்மா பணியாரம் மாதிரி சுட்டுப்போட, சாம்போ 169 தின்பான். புலியும் நெய்யும் இந்தியா. பெயர்களும் படங்களும் கறுப்பின மக்களைக் கேலிசெய்யும் மேல்நாட்டு வழக்கம். எத்தனையோ கறுப்பினக் குழந்தைகளை வகுப்பறையில் கூனிக்குறுக வைத்த புத்தகம் அது. 1996-ல் ஒரே ஆண்டில் இரண்டு பேர் அதைத் திருத்தி எழுதினார்கள். ஜூலியஸ் லெஸ்டர் அமெரிக்கத் தென்மாநிலக் கதையாக்கினார். ஃப்ரெட் மார்செலினோவோ பையனுக்கு பாபாஜி என்று பெயர் வைத்து இந்தியாவில் கொண்டுவந்து விட்டார். கொடைக்கானல் ரோட்டில் ரயிலேறிய கதை இந்தியா வந்து சேர 97 வருஷம்! எங்கள் காலத்து பாசஞ்சர் ரயில்கூட இவ்வளவு தாமதித்ததில்லை.

இப்போது கீழ்த்தட்டுக்கு வருகிறேன். நன்றாகத்தான் இருக்கின்றன, சந்தேகமில்லை. சென்னையில் 1996-ல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் கொண்டுவந்த, அம்மாவின் சேலையைப் பற்றிய சந்தியா ராவின் புத்தகத்தைத் திறந்தால் பக்கம் முழுக்கச் சேலையே விரிந்து கிடக்கிறது. கடைசியில் சேலை கட்டும் முறை படம்போட்டு விளக்கியிருக்கிறது. பிலாலின் பருப்புக் கதை முடிந்தால் சமையல் குறிப்பு. மற்றொரு கதை முடிந்தால் ரொட்டி சுடும் குறிப்பு. நான் சிறுவனாக இருந்தபோது கதை முடிந்தால் 'முற்றும்' போடுவார்கள். இப்போது கால் டீஸ்பூன் மஞ்சள்தூள் போடுகிறார்கள். பேத்தி ஒருநாள் பருப்புக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைச் செய்யச் சொன்னாள். எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். படத்தில் அப்பாவே சமைக்கிறாரே, தாத்தாவுக்கு ஏன் தெரியாது என்ற கேள்வியை அவள் கேட்கவில்லை, அவள் பாட்டி பின்னாலிருந்து கேட்டாள்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தும். இந்தக் குடும்பங்கள் சண்டையே போடுவதில்லை. பந்தியில் இரண்டாம் அப்பளம் வைக்கவில்லை என்று மூன்று வருஷம் பேசாமலிருந்த மாமா ஒருவராவது வேண்டாமா? வரப்பு வழக்கு, வட்டிக்கடன், கோயில் முதல் மரியாதையில் யார் முந்தி என்ற தகராறு, இதெல்லாம் சேர்ந்துதானே நமக்குத் தெரிந்த குடும்பம்? படப்புத்தகத்து வீட்டில் எல்லோரும் எப்போதும் கோலம் போடுகிறார்கள். கதைகளும் அப்படித்தான். எங்கள் அப்பத்தா சொன்ன கதைகளில் ஒன்றையாவது பேத்திக்குச் சொல்லலாம் என்று நினைவைத் துழாவினால், முக்கால்வாசியை ஆரம்பத்திலேயே நிறுத்திவிட வேண்டியிருக்கிறது. கரிசல் காட்டில் கிழவிகள் சொன்ன கதைகளைத் தேடித் திரட்டிய கி.ராஜநாராயணன், அவற்றில் ஒரு தொகுதிக்கு 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்றே பெயர் வைத்தார். கி.ரா. நாணயஸ்தர். நாங்களோ அந்தக் கதைகளை ஆறு வயதில், முற்றத்துக் கயிற்றுக்கட்டிலில் படுத்துக்கொண்டு, பாதி புரிந்து, புரியாத பாதிக்கு இன்னும் பலமாகச் சிரித்துக்கொண்டு கேட்டோம்.

ஆனால் ஒரு புத்தகம் என்னை வாயடைக்க வைத்தது. ஆண்ட்ரியா வாங் எழுதி ஜேசன் சின் படம் வரைந்த, 2022-ல் கால்டிகாட் பதக்கம் வாங்கிய 'வாட்டர்கிரெஸ்'. ஒஹையோவில் ஒரு சீனக் குடும்பம் பழைய காரில் போகிறது. ரோட்டோரச் சாக்கடைத் தண்ணீரில் கீரையொன்று மண்டிக் கிடக்கிறது. அப்பா வண்டியை நிறுத்துகிறார். துருப்பிடித்த கத்தரிக்கோலும் காகிதப் பையுமாக எல்லோரும் இறங்கிச் சேற்றில் நின்று பறிக்கிறார்கள். போகிற காரில் தெரிந்த முகம் இருந்துவிடக் கூடாதே என்று அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ராத்திரி அந்தக் கீரையை உண்ண மறுக்கிறாள். அப்போது அம்மா ஒரு பழைய குடும்பப் படத்தை எடுத்துவந்து, அதுவரை வாய்திறக்காத ஒன்றை, சீனத்தில் பஞ்சத்தையும் தன் தம்பியையும் பற்றிச் சொல்கிறாள். அங்கே மாமரம் இல்லை, கோலம் இல்லை.

பேத்தி அதை மூடிவிட்டு என்னைப் பார்த்து, "தாத்தா, நீங்க புவரா?" என்றாள். மகள் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் தீப்பெட்டி ஒட்டுவார்கள். அம்மா, அத்தை, பெரியம்மா மூவரும் பொழுது சாய்ந்தால் முற்றத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். நடுவே மைதாப் பசைச் சட்டி, பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலந்திருக்கும், அதனால் பசை லேசான நீலம். மெல்லிய மரச்சில்லை மடக்கி, ஒருவிரல் பசை தடவி, காகிதத்தைச் சுற்றினால் பெட்டி. பேசிக்கொண்டே, சண்டை போட்டுக்கொண்டே, பார்க்காமலே ஒட்டுவார்கள். குரோஸ் கணக்குக் கூலி. பிள்ளைகளும் உட்கார வேண்டும், பள்ளிக்கூட வீட்டுப்பாடம் என்று சொன்னாலும் விடமாட்டார்கள். அம்மாவின் நகக்கண்ணில் அந்த நீலம் எப்போதும் இருக்கும். என் பரீட்சைத் தாளில் கையெழுத்துப் போடும்போது தாளின் ஓரத்தில் ஒட்டும். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் படப்புத்தகமும் அதுதான், தீப்பெட்டி லேபிள்கள். கப்பல், மான், பாய்கிற குதிரை, ஒரு ராணி. கிழிந்ததை எங்களுக்குத் தருவார்கள். ஒரு ராணிக்கு இரண்டு மான் என்று தெருவில் செலாவணி இருந்தது.

பேத்தி கேட்டதிலேயே அவளுக்குப் பிடித்தது நீல நகம்தான். கொள்ளுப்பாட்டி ஏலியனா என்று கேட்டாள். மகளோ, கரண்டியைக் கையில் பிடித்தபடியே, "இதெல்லாம் எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லையேப்பா" என்றாள். உண்மைதான். அவள் சின்னவளாயிருந்த காலத்தில் நாங்கள் சாத்தூரை விட்டு முன்னேறிக்கொண்டிருந்தோம். மதுரையில் ஆங்கிலப் பள்ளியில் அவளைச் சேர்த்து, எனிட் பிளைட்டன் வாங்கிக் கொடுத்து, ஆங்கிலேயப் பிள்ளைகள் கூடை நிறைய இஞ்சிச் சோடாவும் சாண்ட்விச்சுமாகத் துப்பறியப் போவதை அவள் படித்துக்காட்டப் பூரித்துப்போய்க் கேட்டிருந்த தகப்பன் நான். முன்னேறுகிற அவசரத்தில் தீப்பெட்டியை எங்கே எடுத்துச்செல்வது? அதை இப்போது பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ஒரு சீன அம்மாவின் தயவில், பேத்திக்குப் பிரித்துக்காட்டிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு நானாக வாங்கிப்போன ஒரே புத்தகம் சென்னை தாரா பதிப்பகத்தின் 'லண்டன் ஜங்கிள் புக்'. மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷியாம், லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவரில் படம் வரையப் போனவர், ஊர் திரும்பி அந்த நகரத்தைத் தன் காட்டுக் கண்ணால் வரைந்தார். பிக் பென் கோபுரம் ஒரு சேவலாகிறது. சுரங்க ரயில் மண்புழுவாகிறது. பஸ் விசுவாசமான நாயாகிறது. 2004-ல் வந்தது. அதைக் கையில் எடுத்த நாளிலிருந்து என் கோழிக்கால் குடிசையையும் உப்புப் பனியையும் பற்றி எனக்கிருந்த வெட்கம் போய்விட்டது. பேத்தி அதை ஒரே மூச்சில் பார்த்துவிட்டு மேல்தட்டில், டைனோசர்களுக்குப் பக்கத்தில் செருகினாள். இதைவிட வேறென்ன மதிப்புரை வேண்டும்?

நான் மதுரை திரும்பிய பிறகும் வீடியோவில் கதை தொடர்கிறது. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கொட்டிக் கிடக்கின்றன. ஒரு தட்டில் ஒரு புத்தகம். நூலகர் முறைக்கவில்லை, தவணைத் தேதி முத்திரை இல்லை, கிழித்த பக்கத்துக்கு அபராதம் இல்லை. யாரோ நமக்கு முன்னால் எடுத்துப் போய்விட்டார்களே என்று இரண்டு வாரம் ஏங்கிக் காத்திருக்கிற அந்தத் தவிப்பும் இல்லை, அது இல்லாததால் எடுக்கத் தோன்றுவதும் இல்லை. ஆகவே பேத்தி என்னையே சொல்லச் சொல்கிறாள். "உங்க தாத்தா பாட்டி சொன்ன கதை." அப்பத்தாவின் கதைகள் வயது வந்தவர்களுக்கு மட்டும் என்பதால், நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் மகள் போன் செய்தாள். பேத்தியின் பள்ளியில் 'என் குடும்பம், என் வேர்கள்' என்று பிள்ளைகளே படம் வரைந்து புத்தகம் தயாரித்து, பெற்றோரை அழைத்துக் காட்டினார்களாம். இவள் புத்தகத்தில் முதல் பக்கம் சாத்தூர். தரை முழுக்க வெள்ளை, சறுக்குவண்டி போகிறது, ஓரத்தில் ஒரு சேவல் காலின் மேல் வீடு. இரண்டாம் பக்கத்தில் கொள்ளுப்பாட்டி, நீல நகங்களோடு, சமோவாரிலிருந்து காப்பி ஊற்றுகிறாள், வாயில் கருப்பட்டி. மூன்றாம் பக்கத்தில் தாத்தாவுக்குக் கரடி கடிதம் எழுதுகிறது. டீச்சர் மிகவும் பாராட்டிவிட்டு, தயங்கித் தயங்கி, உங்கள் குடும்பத்தில் ருஷ்யக் கலப்பு உண்டோ என்று கேட்டாராம்.

"ஏம்ப்பா, ஒழுங்கா நம்ம ஊர்க் கதை ஒண்ணு சொல்லக் கூடாதா அவளுக்கு?" என்றாள் மகள்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை கண்டிப்பா நம்ம ஊர்க் கதைதான்" என்றேன். "நம்ம சிவகாசிக்காரன் கதை. அவனுக்குக் கை மட்டும் இரும்பு."